ஆலைத் தொட்டியில் நானூறு மீட்டர்: 1961 புதுச்சேரிப் பயணம்

1961 மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. விடியற்காலை நான்கரை மணியிலிருந்து ஐந்து மணி வரை ஆலோசித்து, நீச்சல் விதிப்புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு இரண்டாவது சட்டையை எடுத்துச் செல்வது என்று தீர்மானித்தேன். பையில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. புத்தகம் கனமானது. சட்டை முந்தின நாள்தான் சலவையிலிருந்து வந்திருந்தது. இரு தரப்பு நியாயங்களையும் சீர்தூக்கிப் பார்த்து எடுத்த முடிவாதலால் மனதில் கலக்கமே இல்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் ஒரு நீச்சல் சங்கத்தின் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. சங்கத்தில் அதை ஒரு குறையாக யாரும் கருதவில்லை. அந்த ஆண்டு வெளிநாட்டில் நடக்கவிருந்த சர்வதேசப் போட்டிக்கு நாடு முழுவதிலுமிருந்து ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் தனிநபர் மெட்லிக்கு ஆள் கிடைக்கவில்லை. மெட்லி என்றால் ஒரே ஆள் மல்லாக்க நீச்சல், தவளை நீச்சல், பட்டாம்பூச்சி நீச்சல், ஃப்ரீ ஸ்டைல் என நான்கையும் நூறு நூறு மீட்டர், நிற்காமல் நீந்துவது. ஆறு நிமிடத்துக்குள் முடித்தால் பெயரை அனுப்பலாம். புதுச்சேரியிலிருந்து கலியமூர்த்தி என்ற மில் தொழிலாளி தன்னால் முடியும் என்று கடிதம் எழுதியிருந்தார். யாராவது போய் நேரம் பார்த்து, படிவத்தில் எழுதி, சனிக்கிழமைத் தபால் முத்திரை விழும்படி டில்லிக்கு அனுப்ப வேண்டும். அலுவலகத்தில் நீந்தத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அன்று வேறு வேலை இருந்தது.

பேருந்து காலை ஆறு பத்துக்குப் புறப்பட்டது. திண்டிவனம் வழி, நூறு மைல், கட்டணம் மூன்று ரூபாய் நாற்பது நயா பைசா. மதுராந்தகத்தில் காபி குடிக்கலாம். குடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. நடத்துநர் பேச்சுக்காரர்.

"பாண்டிக்கு என்னா விசயமா போறீங்க சார்?"

"ஒருவர் நீந்துவதைப் பார்க்க."

"கடல்லயா?"

"ஆலைத் தொட்டியில்."

டிக்கெட் கட்டைப் புரட்டினார். "திரும்பி வரத்துக்கும் இப்பவே டிக்கெட் வாங்கி வச்சிக்கறது நல்லது சார்" என்றார்.

பிரெஞ்சுக்காரர்களின் சுங்கச்சாவடி இருந்த இடத்தில் வண்டி மெதுவாகி ஏறக்குறைய நின்றது. "சாவடிய எடுத்து ஏழு வருசம் ஆவப் போவுது. வண்டிக்கு இன்னும் யாரும் சொல்லல" என்றார் நடத்துநர். பதினொன்று நாற்பதுக்கு ஊர் வந்தது.

கலியமூர்த்தி சைக்கிளோடு நின்றிருந்தார். இருபத்து நாலு வயது, கதவு போன்ற தோள், எதைச் சொன்னாலும் முதலில் தலையாட்டிவிட்டுப் பிறகு யோசிக்கும் சுபாவம். மீன்பிடிக் குடும்பம், அவர் மட்டும் மில்லுக்குப் போனார். பக்கத்தில் அவருடைய அக்கா அஞ்சலை, காலி மீன் கூடையோடு. சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார்.

"ஐயா, தெரியாமத்தான் கேக்கறேன். வலையும் இல்ல, மீனும் இல்ல. இங்கருந்து அங்க போயி, அங்கருந்து இங்க வரத்துக்கா மெட்ராஸ்லருந்து ஆளு வரணும்?"

"சும்மா இரு அக்கா" என்றார் கலியமூர்த்தி.

"பதினாறு தபா போறானாம் ஐயா. ஒரு தபா கூட எதயும் எடுத்தாரதில்ல."

இந்த விளையாட்டைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அதுவே நேர்மையானது.

சாப்பிட்டுவிட்டு அவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து மில்லுக்குப் போனேன். இரண்டரை மைல். பாதி வழியில் அவர் திரும்பாமலே பேசினார். "பேரு போனா மூணு மாசம் கேம்ப்பு சார். மில்லுல லீவு கெடயாதுன்னுட்டாங்க. வேணும்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போன்னு சொல்றாரு மேனேஜரு."

"முதலில் நீந்துங்கள், பார்ப்போம்" என்றேன். அனுபவசாலிகள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்தேன்.

தொட்டி மில்லின் பின்புறம் இருந்தது. இயந்திரங்களிலிருந்து வரும் சுடுநீர் ஆறுவதற்காகக் கட்டியது. மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம், ஓரங்களில் பஞ்சுத் தூசி. ஷிப்ட் மாறும் மூன்று மணியிலிருந்து மூன்றரை வரை மட்டும் அனுமதி. கரையில் கலியமூர்த்திக்குப் பயிற்சி கொடுக்கும் அந்துவான் என்ற முதியவர், இஸ்திரி போட்ட கால்சட்டையில், நின்றுகொண்டிருந்தார். சைகோனில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். கலியமூர்த்தி அவரை ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் மிசே என்று அழைத்தார். நான் கொண்டுபோன நாடா அடிக்கணக்கில், அவருடையது மீட்டர். எண்பத்திரண்டு அடி, இருபத்தைந்து மீட்டர். இரண்டும் ஒத்துப்போயின. அன்று ஒத்துப்போனது அது ஒன்றுதான்.

மூன்று மணி நான்கு நிமிடத்துக்கு அந்துவான் "அலே!" என்று கத்தினார். தண்ணீருக்குள் சுவரைப் பிடித்தபடி காத்திருந்த கலியமூர்த்தி மல்லாந்து பாய்ந்தார். நான்கு நீளம் மல்லாக்க, நான்கு தவளை, நான்கு பட்டாம்பூச்சி, கடைசி நான்கும் ஃப்ரீ ஸ்டைல். பட்டாம்பூச்சியில் தொட்டியின் பாதித் தண்ணீர் எங்கள் மேல் வந்தது. பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த அஞ்சலை கூடையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, "டேய், வாடா! வாடா!" என்று கத்திக்கொண்டிருந்தார். கடிகாரத்தை நிறுத்தினேன். ஐந்து நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி.

முதல் நீளத்திலேயே எனக்கு ஒரு நெருடல் இருந்தது. "தனிநபர் மெட்லியில் முதலில் பட்டாம்பூச்சி அல்லவா?" என்று இப்போது கேட்டேன்.

அந்துவான் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். பிரெஞ்சில் அச்சடித்தது. "சைகோன்ல குடுத்தது மிசே. நாலு பேரு மாத்தி மாத்தி நீந்தினோம். மொதல்ல மல்லாக்க. நாலு பேரு நீந்தினா என்னா, ஒரே ஆளு நீந்தினா என்னா? வரிச வரிசதான்."

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் சென்னையில் பார்த்த நால்வர் தொடர் நீச்சல் நினைவுக்கு வந்தது. அதிலும் மல்லாக்கதான் முதல்.

கலியமூர்த்தி சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "பத்து நிமிஷம் குடுங்க சார். மாத்தியும் நீந்திக் காட்டிடறேன். ரெண்டையும் எழுதிக்குங்க."

மணி மூன்று பத்து. தொட்டி இன்னும் இருபது நிமிடம் எங்களுடையது. நான் படிவத்தைப் பார்த்தேன். நேரம் எழுத ஒரு கட்டம்தான் இருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு முடிவுகள் போனால் மேலிடத்தில் குழப்பம் வரும் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார்.

"அப்ப நம்பி எழுதிக் குடுத்துடவா சார்?"

"தாராளமாக."

ஈரத் தலையோடு மேனேஜர் அறைக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். நான் நான்கு நீச்சல்களையும் நீந்திய வரிசைப்படி மையில் எழுதி, கையொப்பமிட்டு, நான்கு இருபதுக்குத் தபால் நிலையத்தில் முத்திரை விழுவதை என் கண்ணால் பார்த்தேன்.

இரவு விடுதி வாடகை இரண்டு ரூபாய். கொசுவலை உண்டு, அதில் ஓட்டையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாவது சட்டையைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நடந்தேன். காற்று நன்றாக இருந்தது. மில்லுக்கு விடுமுறை.

அன்று மாலை வீட்டில் கட்டிலின் மேல் விதிப்புத்தகம் வைத்த இடத்திலேயே இருந்தது. நால்வர் தொடரில் மல்லாக்க முதலில் வருவதற்குக் காரணம், அது தண்ணீருக்குள்ளிருந்து தொடங்குவது. தனிநபர் மெட்லி கரையிலிருந்து பாய்ந்து தொடங்குவது. ஆகவே பட்டாம்பூச்சி முதல், மல்லாக்க இரண்டாவது. ஒரு பக்கம்கூட இல்லை, ஆறு வரி. டில்லியிலிருந்து பதினேழாம் நாள் பதில் வந்தது: 'விதிப்படி நீந்தப்படாததால் பரிசீலிக்க இயலாது.'

கலியமூர்த்திக்கு விவரத்தை எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தேன். அவர் அஞ்சலட்டையில் பதில் போட்டார்: 'மில்லில் என் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள் சார். தொட்டிக்கு விடுவதில்லை. கடலில் வரிசையை மாற்றிப் பழகிவிட்டேன். அடுத்த போட்டி எப்போது?' அட்டையைக் கோப்பில் வைத்தேன். அலுவலகங்களில் துக்கத்துக்கு அது ஒன்றே ஏற்பாடு.

பிறகு பல முறை புதுச்சேரி போயிருக்கிறேன். மில் இருந்த தெருவுக்கு மட்டும் போவதில்லை. அந்த இருபது நிமிடம் தொட்டி சும்மா கிடந்தது. நானும் சும்மா நின்றேன். இத்தனை வருடத்தில் அதற்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்றும் தோன்றவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இன்று காலாப்பட்டு வழியாகப் போகும் கடற்கரைச் சாலைப் பேருந்தே வசதி. மூன்றரை மணி நேரம் ஆகும். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் அங்கங்கே கடல் தெரியும். பகலில் குடை அவசியம். ஓர் இரவுக்கு ஒரு சட்டை போதும்.

கலியமூர்த்தி முப்பத்தொரு வருடம் உழவர்கரைத் தெருக்களில் சைக்கிளில் மீன் விற்றார்.