குமிழில் மூன்று பொட்டுகள்

என் மகளுக்கு நிலா உண்மையாகவே தெளிவாகத் தெரிகிறதா, எனக்காகத் தெரிகிறதென்று சொல்கிறாளா? நேற்றுவரை எனக்கு விடை தெரியாது.

கனடாவிலிருந்து வந்த என் கணவரின் அண்ணை, எங்கள் ஏழு வயது மகளுக்கென்று ஒரு தொலைகாட்டியைத் தந்துவிட்டுப் போனார். கரவெட்டியில் எங்கள் முற்றத்தில் பொழுதுபடும் நேரம் அதை வைத்து நிலா பார்ப்போம். பக்கத்திலுள்ள குமிழைத் திருகினால் குழலுக்குள் இருக்கும் குழிவாடி என்ற குழிந்த ஆடி முன்னும் பின்னும் நகர்ந்து காட்சி தெளியும். மகள் பார்த்து முடித்தபின் நான் குனிந்தால் எப்போதும் கலங்கல்தான். நான் திருத்தினால் அவள் மறுபடி திருகுவாள்.

அவளுக்குத் தூரத்துப் பொருட்கள் தெரியவில்லையோ?

முதலில் ஆடியைத்தான் சந்தேகித்தேன். திசை மாற்றித் திருகினால் குமிழ் கொஞ்சம் சும்மா சுற்றும், ஆடி அசையாது. ஆகவே எல்லாரும் ஒரே பக்கமாகத் திருகியே முடிக்கவேண்டும் என்றேன். தெளிந்த இடத்தை அடையாளம் வைக்க, குமிழின் விளிம்பில் ஒட்டுப்பொட்டு: எனக்குக் கறுப்பு, மகளுக்குச் சிவப்பு. எத்தனை மாலைகள் பார்த்தும் இரண்டும் தள்ளித்தான் நின்றன.

தூரத்துப் பொருட்கள் தெரியாமல் கண்ணாடி போடும் கணவரை, அதைக் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"உமக்கு நிலாவிலயும் பொலிஸ் வேலை," என்று சிரித்தபடி திருகினார். அவருடைய பச்சைப் பொட்டு மகளின் பொட்டையும் தாண்டி, அதே பக்கத்தில் விழுந்தது. சிரிப்பு நின்றது.

கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். மகள் அட்டையின் கடைசி வரிவரை சொன்னாள். குறையில்லை என்றார்கள், குழலுக்குள் பார்க்கும்போது சின்னப்பிள்ளைகள் கிட்டப் பார்ப்பதுபோல் கண்ணை வைத்திருப்பதும் உண்டாம், பொட்டு தள்ளி நின்றது அதனாலும் இருக்கலாமாம். ஆனால் அவளுக்கு முன் நின்ற பிள்ளை அதே எழுத்துகளை உரத்து வாசித்தது என் காதிலும் விழுந்தது. ஒருதரம் கேட்ட தேவாரத்தை அப்படியே திருப்பிச் சொல்பவள் என் மகள்.

"பாத்துச் சொன்னனியோ, கேட்டுச் சொன்னனியோ?"

"ரெண்டும்தான் அம்மா."

"கண்ணாடி போட்டால் என்னவாம்?"

"வகுப்பில சோடாப்புட்டி எண்டுவினம்."

அதன்பின் அவள் குமிழைத் தொடுவதேயில்லை. நேற்று நான் வேண்டுமென்றே அதைத் தாறுமாறாகத் திருகிவிட்டுப் பார்க்கச் சொன்னேன். குனிந்தாள்.

"ஓம் அம்மா, வடிவாத் தெரியுது."

பொட்டுகளை உரித்துவிட்டேன். பரிசோதனைக்கு மறுபடி கூட்டிப்போவேன். அங்கும் அவள் இதையேதான் சொல்வாள் என்று பயமாக இருக்கிறது. பிள்ளை வளர்ப்பவர்களே, தெரியாததைத் தெரியவில்லை என்று அவள் என்னிடம் பயமில்லாமல் சொல்ல, நான் என்ன செய்யவேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.