மகளைக் கேட்ட சக்கரவர்த்தி

எண்பதுகளின் கடைசியில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த ஈஸ்ட் ஹாம் வீட்டின் பின்வளவில் அப்பா நட்ட கோவா என்கிற முட்டைக்கோசுப் பாத்தியருகே நின்றுதான் டயோக்ளீஷியன் கதையை அவருக்குச் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் அப்போது ரோம வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். சிதறிக் கிடந்த பேரரசை நால்வர் ஆட்சியாக்கி நிமிர்த்திய சக்கரவர்த்தி, தன் முன்னால் எல்லோரையும் விழுந்து வணங்க வைத்தவர், கிறிஸ்தவர்களை வதைத்தவர். பிறகு தானாகவே முடியைக் கழற்றிவைத்துத் தோட்டம் செய்யப் போனாராம். திரும்பி வரும்படி கேட்டவர்களிடம், நான் நட்ட கோவாவைப் பார்த்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்றாராம்.

“அதெல்லோ மனிசன்!” என்று அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அவருக்கேன் பிடிக்காது? ஊரில் பெரிய அரசாங்க உத்தியோகத்தை, ஓர் அமைச்சரோடு முரண்பட்டு எறிந்துவிட்டு வந்தவர். பெட்ரோல் ஷெட்டில் கல்லாவில் இருந்தபோதும் அந்த மிடுக்குக் குறையவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சக்கரவர்த்தி கதைதான்.

அடுத்த குளிர்காலத்தில் கொழும்பிலேயே தங்கிவிட்ட அக்காவைப் பொலிஸ்காரர் சந்தேகத்தில் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அப்பாவின் கீழ் எழுதுவினைஞராக இருந்த ஒருவர் அங்கே பெரிய பதவிக்கு வந்திருந்தார். அந்தக் காலத்தில் அப்பா அவரைக் தன் முன்னால் கதிரையில் உட்காரக்கூட விட்டதில்லை.

“நம்பரை அடி தம்பி,” என்றார் அப்பா. அடித்துக் கொடுத்தேன். அப்பா எழுந்து நின்றார்.

“சேர்... ஓம் சேர்... நீங்கள் நினைச்சால் ஏலும் சேர்.”

காலைக்குக் காலை இதே கதை. ஒருநாள் அழுதும் கேட்டார். எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது. “இப்பிடிக் கெஞ்ச வேணுமோ அப்பா?” என்று கேட்டும்விட்டேன். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.

சக்கரவர்த்தியின் மீதிக் கதையைப் பரீட்சைக்காகப் படித்ததும் அந்த நாட்களில்தான். அவர் முடிதுறந்தபோது பதவி பெற்ற ஒருவனே பின்னாளில் அவருடைய மகளை நாடுகடத்தினான். தோட்டத்துக் கிழவர், அவளை என்னிடம் அனுப்பிவிடு என்று ஆளுக்குமேல் ஆளனுப்பி இரந்தார். எவரும் காதில் வாங்கவில்லை. அவர் இறந்த பிறகு மகளையும் மனைவியையும் தலைவெட்டினார்கள். புத்தகத்தை மூடிவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்தப் பாதியை அவருக்குச் சொல்லவுமில்லை.

எங்கள் அக்கா விடுபட்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்து கோலியர்ஸ் வுட்டில் குடியேறினார். சில வருடங்கள் கழித்து அப்பாவின் செத்தவீட்டில், வந்தவர்களைக் கட்டிப்பிடித்து, “ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்டு நிக்காத மனிசன் எங்கட அப்பா,” என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓம் என்று தலையாட்டினேன்.