குறுணல் சோறு

பாரிசின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில், கோடையில் ஒருநாள் எல்லா வீட்டாரும் முற்றத்தில் மேசை போட்டுச் சேர்ந்து சாப்பிடுவார்கள். எனக்குப் பத்து வயதான வருடம் அந்த விருந்து ஒரு சோற்றுச் சண்டையில் தொடங்கியது.

மூன்றாம் மாடியிலிருந்த செனகல் மாமி, தக்காளியில் சிவக்கச் சமைத்த மீன் சோறு கொண்டுவந்திருந்தார். கீழ்வீட்டில் இருந்த கானா நாட்டு மாமாவுடையதும் சிவப்புச் சோறுதான். ஆனால் நீள அரிசி, கோழி, கண்ணில் நீர் வரவழைக்கும் காரம். ஜொலொஃப் சோறு என்றால் இதுதான் என்றார் அவர். அந்தச் சோறு பிறந்ததே எங்கள் நாட்டில் என்றார் மாமி. மாமா அவருடைய சட்டிக்குள் எட்டிப் பார்த்து, உடைந்த அரிசியை யாராவது விருந்துக்குச் சமைப்பார்களா என்று கேட்டுவிட்டார். அம்மாவும் உள்ளூர அவர் பக்கம்தான். குறுணலை ஊரில் கோழிக்குப் போடுவோம் என்று என் காதில் சொன்னார்.

அப்பா அதிகம் பேசாதவர். இரண்டிலும் ஒவ்வொரு வாய் சாப்பிட்டுவிட்டு மாமியிடம் ஏதோ சொன்னார். அது பிரெஞ்சு இல்லை, தமிழும் இல்லை. மாமி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அப்பா பேசியது மாமியின் சொந்த மொழி.

எங்கே பழகினீர்கள் என்று மாமி கேட்க, அப்பா பிரெஞ்சில் விளக்கினார். கானாவின் அக்ராவில் ஆறு மாதம், செனகலின் டக்காரில் ஒன்றரை வருடம். அக்ராவில் நீள அரிசி, டக்காரில் குறுணல், அந்தந்த ஊரில் அதது சரிதான் என்றார். சமாதானம் செய்யும் மும்முரத்தில், பின்னால் தான் பொரித்த ரோல்ஸ் தட்டோடு நின்ற அம்மாவை மறந்துவிட்டார். அம்மாவுக்குப் பிரெஞ்சு மட்டுமட்டு. ஆனால் ஊர்ப் பெயர்கள் விளங்க பிரெஞ்சு எதற்கு?

“அந்த ரெண்டு வருசமும் பாரிசில நிக்கிறன் எண்டெல்லோ எழுதினனீங்கள்?”

“பாரிசுக்கெண்டு கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன் அங்கை விட்டிட்டுப் போட்டான். உண்மையை எழுதினா நீர் தாங்கமாட்டீர்.”

“பனி கொட்டுது எண்டு எழுதினனீங்கள்.”

“ஓம்,” என்றார் அப்பா.

கடிதங்களை அப்பா பாரிசிலிருந்த ஒரு கூட்டாளிக்கு அனுப்ப, அவர் பிரெஞ்சு முத்திரை ஒட்டி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியிருக்கிறார். அந்தப் பனியை நம்பி அம்மா பின்னி அனுப்பிய கம்பளித் தொப்பியும் அதே வழியில் திரும்பி, டக்கார் வெயிலுக்குப் போய்ச் சேர்ந்ததாம்.

அப்பா பொய் சொல்வார் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“அங்கை ஆர் உங்களுக்குச் சாப்பாடு தந்தது?” என்று மட்டும் கேட்டார் அம்மா.

“டக்கார் துறைமுகத்தில இந்தக் குறுணல் சோறு விக்கிற ஒரு மனிசி. வேலை கிடைக்காத நாளிலையும் கூப்பிட்டுத் தரும்.”

அம்மா மாமியின் சட்டியருகே போனார். ஒரு தட்டில் குறுணல் சோற்றைக் குவித்து, பெரிய மீன் துண்டாகப் பார்த்து மேலே வைத்து அப்பாவிடம் நீட்டினார். மாமி அம்மாவின் முதுகைத் தடவினார்.

கணக்குப் பரீட்சைப் புள்ளியை ஒளித்ததற்காக எனக்கு ஒரு கிழமை தொலைக்காட்சி இல்லை என்றவர் இதே அம்மா. இரண்டு வருடம் பொய் எழுதியவருக்குப் பெரிய மீன் துண்டு. அந்த அநியாயம் பொறுக்காமல், மறுநாள் வரை நான் அம்மாவோடு பேசவில்லை.