கைக்குட்டைக்குள் பாட்டு விற்ற சாகுல் பாய்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு என் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. எழுபத்தோரு வயது வரை எனக்கு வந்ததை எல்லாம் என் மனைவி பாக்கியம்தான் படித்துச் சொல்வாள். அவள் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். நான் போன ஆண்டுதான் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அதனால் இதை நானே படித்தேன். “அத்தா இன்று அதிகாலை மௌத்தாகிவிட்டார்கள். லுஹர் தொழுகைக்குப் பிறகு சுங்கை பூலோவில் நல்லடக்கம்.” தன் அப்பா இறந்துவிட்டதாகச் சாகுல் பாயின் மகள் அனுப்பியிருந்தார்.

தப்பாகப் படித்திருப்பேன் என்று நினைத்தேன். நான் படிப்பதில் பாதி தப்பாகத்தான் இருக்கும். மறுபடியும் முதல் எழுத்திலிருந்து கூட்டினேன். மாறவில்லை. பாக்கியத்திடம் நீட்டினேன். அவளும் அதையேதான் படித்தாள்.

அப்பாவை அறிந்தவர்கள் எழுதித் தாருங்கள், ஒரு சின்னப் புத்தகமாகச் சேர்க்கப் போகிறேன் என்று அந்த மகள் பிறகு கேட்டார். நான் ஒரு நாளைக்குப் பத்து வரிதான் எழுதுவேன் என்றேன். பரவாயில்லை அங்கிள், காத்திருக்கிறேன் என்றார். ஆகவே எழுதுகிறேன். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடைகளுக்கு நடுவில், மாடிப்படிக்குக் கீழே இருந்த அவர் கடையை உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். கைக்கடிகாரம், ரேடியோ, ஹெட்போன், பாட்டுக் கேட்கும் சின்ன பிளேயர்கள். எனக்கு அவரோடு ஓர் ஆண்டுப் பழக்கம்தான். ஆனால் அந்த ஓர் ஆண்டில் என் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

பாக்கியத்துக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஊசி குத்திய இடது கையை அசைக்காமல் நாலு மணி நேரம் சாய்ந்து கிடக்க வேண்டும். ஒரு பக்கம் இயந்திரம் உறுமும், இன்னொரு பக்கம் யாரும் பார்க்காத தொலைக்காட்சி ஓடும். அடுத்த நாற்காலிக்காரர் அரசியல் பேசுவார். “வலியத் தாங்கிக்கிறேன். இந்த நாலு மணி நேரத்ததான் தாங்க முடியல” என்பாள்.

எங்கள் மகள் கைப்பேசியில் பாட்டுப் போட்டுக் கொடுத்தாள். பாட்டு பாதியில் நிற்கும், எப்படி இருக்கீங்க என்று கேட்டு உறவுக்காரர் யாராவது அழைப்பார். அவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த உறவுக்காரர். நான் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு பிளேயர் வாங்கி வந்தேன். அதைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டுக் கழற்றி என் மடியில் போட்டாள். பாடுகிறவரை யாரோ பிஸ்கட் டின்னுக்குள் அடைத்து வைத்தது போல இருக்கிறதாம். அன்று வேனில் திரும்பி வரும்போது, அடுத்த மாதத்திலிருந்து நான் போகப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். போகாவிட்டால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.

எங்கள் பிளாட்டில் கீழே குடியிருப்பவர்தான் சாகுல் பாயைச் சொன்னார். நல்ல சத்தம் வேண்டுமானால் அவரிடம் போங்கள், ஆனால் அவசரப்படுத்தாதீர்கள் என்றார். நான் கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போனேன்.

பாய் என் முன்னால் மூன்று பிளேயர்களை வைக்கவில்லை. மூன்று கட்டம் போட்ட கைக்குட்டைகளை வைத்தார். பெட்டி, பெயர், நிறம், விலை எதுவும் தெரியாமல் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிளேயர். ஒரே ஹெட்போனை மூன்றிலும் மாற்றி மாற்றி மாட்டினார். ஒரே பாட்டு, பெண் குரலில் ஒரு பழைய படப்பாட்டு. அதற்கும் முன்னால், மூன்றின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். “சத்தம் கூட இருந்தா நல்லா இருக்குன்னு காது நம்பிடும் அண்ணே. அத வச்சுத்தான் ஊர்ல பாதி வியாபாரம் நடக்குது” என்றார்.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டில் முப்பது வருடத்துக்கு மேல் சக்கரம் தட்டியவன். நின்று கொண்டிருக்கும் வண்டியின் ஒவ்வொரு சக்கரத்தையும் நீளக் கம்புச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல சக்கரம் மணி போலப் பாடும். விரிசல் விட்டது ‘டொக்’ என்னும். எழுத்துத் தெரியாதவனுக்கு ரயில்வே கொடுத்த வேலை அது. இதை எல்லாம் பாயிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

மூன்றையும் கேட்டேன். இரண்டாவது கைக்குட்டையில் சலங்கைச் சத்தம் தனித்தனியாகத் தெறித்தது. இதுதான் என்றேன். நல்ல காது என்று சொல்லி, பாய் கைக்குட்டைகளை எடுத்துவிட்டுப் பெட்டிகளையும் பக்கத்தில் வைத்தார்.

அங்கேதான் நான் கெட்டேன். இரண்டாவது பிளேயர் கறுப்பாக, சோப்புக்கட்டி போல இருந்தது. அதன் பெட்டியில் ஒரே ஒரு சொல். மூன்றாவதன் பெட்டியிலோ நாலு பக்கமும் எழுத்து, தங்க நிறத்தில். வகுப்பில் தமிழோடு மலாய் எழுத்தும் சொல்லித் தந்திருந்தார்கள். அதே எழுத்துதான் ஆங்கிலத்துக்கும் என்பதால், கூட்டினால் சத்தம் வந்துவிடும். பொருள் வராது, அவ்வளவுதான். நான் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்து, கடையில் நின்றவர்கள் காதில் விழும்படி முதல் பக்கம் முழுவதையும் படித்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு பெட்டியைத் திருப்பி அடுத்த பக்கத்தைத் தொடங்கினேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பையன், “அங்கிள், சீரியல் நம்பரையுமா படிக்கிறீங்க?” என்றான். இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா? இதையே கொடுங்கள் என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். “காது ரெண்டுன்னு சொல்லிச்சு. கண்ணு மூணுன்னு சொல்லுது. கண்ணால பாட்டுக் கேக்கப் போறீங்களா அண்ணே?” என்றார். யாருக்கு வாங்குகிறேன் என்று நான் முதலிலேயே சொல்லியிருந்ததால், அந்த அக்கா படுத்த வாக்கில் ஒரு கையால் இயக்க முடியுமா என்றும் கேட்டார். எல்லாம் முடியும் லா என்று நான் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். ரயிலில் மூன்றாவது பக்கத்தையும் படித்து முடித்தேன்.

வியாழக்கிழமை அதை மாட்டிவிட்டேன். அது தொட்டு இயக்கும் திரை. பட்டன் ஒன்றுகூடக் கிடையாது. டயாலிசிஸ் நிலையத்தில் குளிர் அதிகம் என்பதால் பாக்கியம் போர்வைக்குள் கிடப்பாள். கண்ணாடியையும் கழற்றிவிடுவாள். பாட்டு மாற்ற வேண்டும் என்றால் போர்வையை விலக்கி, கண்ணாடியைத் தேடி, அணைந்த திரையை எழுப்பி, அரிசி அளவுப் படத்தைத் தொட வேண்டும். இரண்டு முறை முயன்றாள். மூன்றாம் முறை திரை சீன எழுத்துக்கு மாறிவிட்டது. தாதியர் மூன்று பேர் சேர்ந்தும் மாற்ற முடியவில்லை. மீதி மூன்றரை மணி நேரம் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை வேன் வந்தது. அவள் நைட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதம் என்று சொன்னது இந்த வாரமே வந்துவிட்டது. வேன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. நிலையத்திலிருந்து அழைத்து, திங்கட்கிழமை காலை கட்டாயம் கூட்டி வாருங்கள் என்றார்கள். மாலைக்குள் அவள் கால் வீங்கத் தொடங்கியது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பாய் கொடுத்த எண்ணை அழைத்தேன். பிளேயர் சரியில்லை என்று சொல்லத்தான் அழைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு மதியம் எங்கள் பிளாட்டில் நாலு மாடி ஏறி வந்து பாய் கதவைத் தட்டினார். லிப்ட் கெட்டிருந்தது. கையில் ஒரு துணிப்பை. நான் போகப் போவதில்லை, நீங்கள் வீணாக வந்திருக்கிறீர்கள் என்று பாக்கியம் வாசலிலேயே சொன்னாள்.

“போறதும் போகாததும் உங்க இஷ்டம்க்கா. நான் அதுக்கு வரல. என் கடைச் சாமான் ஒண்ணு தப்பான வீட்டுக்கு வந்துருச்சு. அத மாத்திக் குடுக்க வந்தேன்.”

வந்தவரை வெறுமனே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. தேநீரும் காலையில் சுட்ட வடையும் வைத்தாள். எங்கள் வீட்டில் உப்புக் கிடையாது. பாய் ஒரு கடி கடித்து, மென்று, நல்லா இருக்கு அக்கா என்றார்.

“பொய் சொன்னா நோன்பு முறிஞ்சிடும் பாய்.”

“இது நோன்பு மாசம் இல்லக்கா. அந்தத் தைரியத்துலதான் சொன்னேன்.”

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

வடையை முடித்துவிட்டு அவர் ஒரு விஷயம் சொன்னார். அவருக்கு இடது காது மந்தம். இளம் வயதில் தனக்குப் பிடித்ததையே எல்லோருக்கும் விற்றாராம். வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்களாம். தன் ஒற்றைக் காதை ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டது புரிந்த பிறகுதான் கைக்குட்டை வந்ததாம். “ஆனா அன்னைக்கு நானும் தப்புப் பண்ணிட்டேன். அண்ணன் சக்கரக் கதை சொன்னதுல மயங்கிட்டேன். கேக்கப் போறவங்க நீங்க. நான் சோதிச்சது அவரு காத.”

பிறகு அதே மூன்று கைக்குட்டைகள் எங்கள் சாப்பாட்டு மேசையில் விரிந்தன. இடது கையை மடியிலிருந்து எடுக்காதீர்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள், வலது கையால் தடவி நீங்களே போடுங்கள் என்றார். இரண்டாவதைக் கேட்டதும் அவள் முகம் சுளித்தாள். நான் தேர்ந்தெடுத்தது அது. கூர்மையாகக் குத்துகிறது என்றாள்.

“நீங்க இரும்பு கேட்டுப் பழகின ஆளு. எனக்கு மனுஷக் குரல் போதும்.”

முப்பது வருடப் பெருமை அந்த மேசையிலேயே போயிற்று. பாய் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

முதல் கைக்குட்டைக்குத் திரும்பி வந்தாள். அதில் அவள் விரல் ஒரு பட்டனைக் கண்டுபிடித்தது, பிறகு இன்னொன்றை. பாட்டு ஓடியது. திடீரென்று நிறுத்தி, அதே இடத்தை மறுபடியும் போட்டாள்.

“ரெண்டாவது அடியில பாடுறவங்க சிரிச்சிட்டே பாடுறாங்க. இத்தன வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே” என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. முழுப் பாட்டும் முடிந்த பிறகு, நாளை வேன் எத்தனை மணிக்கு வரும் என்று என்னைக் கேட்டாள்.

மூன்றிலும் விலை குறைந்தது அந்த முதல் பிளேயர். திரைகூடக் கிடையாது. மீதிப் பணத்துக்கு பாய் காதை முழுவதும் மூடும் மெத்தென்ற ஹெட்போன் ஒன்று கொடுத்தார். பிளேயர் பாதிதான், காதில் மாட்டுவது மீதிப் பாதி என்பது அவர் அடிக்கடி சொல்வது. இயந்திரத்தின் உறுமல் உள்ளே வராமல் இருந்தால் பாட்டை மெதுவாகவே வைத்துக் கேட்கலாம், காது களைக்காது என்றார். நல்ல பதிவாகத் தேடி நாற்பது பாட்டுகளை அவரே போட்டுத் தந்தார்.

திரை இல்லாததால் எத்தனையாவது பாட்டு எது என்று தெரிய ஒரு பட்டியல் வேண்டும். அதை எழுதும் வேலையை பாய் எனக்குக் கொடுத்தார். பெரிய எழுத்தில், அக்கா கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி எழுத வேண்டும் என்றார். “நீங்க எழுத்துப் படிச்சது இதுக்கு ஆகும் அண்ணே. பெட்டியப் படிக்கிறத விட்டுருங்க.” நாற்பது பாட்டின் முதல் அடிகளை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆனது. என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் நீளமான எழுத்து அது. பதினேழாவது பாட்டை இரண்டு முறை எழுதிவிட்டேன். அதன் பிறகு வரும் எண்கள் எல்லாம் ஒன்று தள்ளியிருந்தன. பாக்கியம் அதைத் திருத்த விடவில்லை. ஒன்றைக் கழித்துக்கொண்டால் போயிற்று என்றாள்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை நான் அவர் கடைக்குப் போவேன். வாங்க ஒன்றும் இருக்காது. படிக்கட்டு ஓரத்தில் ஒரு நாற்காலி போடுவார். கைக்குட்டைகளுக்கு முன்னால் மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கணவன் மனைவி வந்தால் தனித்தனியாகக் கேட்க வைத்து, இருவரும் சொன்னதை ஒரே நேரத்தில் வெளியே விடுவார். பெரும்பாலும் சண்டை வரும். அதில் பாய்க்கு அவ்வளவு சந்தோஷம். எது நல்லது என்று அவரையே கேட்டால் ஒரு பதில்தான்: “யாருக்கு?”

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். செய்தி வந்தபோது பாக்கியம் போர்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய டயாலிசிஸ் நாள். அதுவரை ஒரு நாள்கூட நான் இல்லாமல் அவள் போனதில்லை. வேனில் ஏற்றுவதும் பக்கத்தில் உட்கார்வதும் நான்தான். நான் இல்லையென்றால் ஏதாவது சாக்குச் சொல்லி நின்றுவிடுவாள் என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. மதிய அடக்கத்துக்குப் போனால் இவளை விட வேண்டும். இவளோடு போனால் அவரைக் கடைசியாகப் பார்க்க முடியாது. கைப்பேசியை வைத்துக்கொண்டு நின்றேன்.

“நீங்க சுங்கை பூலோவுக்குப் போங்க. நான் போயிக்கிறேன்” என்றாள்.

“தனியாவா?”

“தனியா என்ன. நாப்பது பாட்டு இருக்கு.”

நான் போனேன். முன்பின் தெரியாத பலர் நின்றார்கள். கைக்குட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எல்லோரும் தெரிந்தவர்கள் ஆகிவிட்டோம். என் முறை வந்தபோது ஒரு பிடி மண் போட்டேன். மாலை வீடு திரும்பியபோது பாக்கியம் எனக்கு முன்பே வந்து சோறு வைத்திருந்தாள். எப்படி இருந்தது என்று நான் அவளைக் கேட்டேன், அவள் என்னைக் கேட்டாள். இருவரும் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொன்னோம்.

இதை எழுதி முடிக்கும் இன்று வியாழக்கிழமை. கீழே வேன் ஹாரன் அடிக்கிறது. நான் இன்னும் பேனாவை மூடவில்லை. பாக்கியம் செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கிவிட்டாள். சாகுல் பாயிடமிருந்து நான் வைத்திருப்பது அவளுடைய இந்த அவசரம்தான்.