மாமியின் முழங்கால் நோவு

எங்கள் மாமிக்கு முழங்கால் நோவு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று காலையில்தான் பழைய மாமா மவுத்தான செய்தியை, எத்தனை மணிக்கு அடக்கம் என்பதோடு சேர்த்து, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

'பழைய மாமா' என்பது நான் வைத்த பேர். அதற்காக உம்மாவிடம் வாயில் அடியும் வாங்கியிருக்கிறேன். மாமி, வாப்பாவின் மூத்த சகோதரி. அவரைக் கட்டியிருந்தவர் எங்கள் பள்ளிவாசல்துறையிலேயே படகு வைத்திருந்தவர். பிள்ளை இல்லை என்று அவருடைய உம்மா பிடித்த பிடியில் நின்றதால் தலாக் சொல்லிவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டார். அதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்த கதை. பிறகு மாமியைக் கேட்டு வந்தவர்களை "எனக்கு ஒருக்காப் போதும்" என்று மாமி வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். வாப்பாவுக்கோ அந்த மனிதரின் பேரைக் கேட்டாலே மூக்குக்கு மேல் கோபம் வரும்.

புருஷன் மவுத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. நகை, வாசனை, அலங்காரம் ஒன்றும் ஆகாது. ஆனால் அது மனைவிக்குத்தான். எப்போதோ தலாக் ஆன பெண்ணுக்கு அப்படி ஒரு கடமை மார்க்கத்தில் இல்லை. இத்தா இருக்கப்போகிறேன் என்று மாமி வாய்திறந்து சொல்லியிருந்தால் ஊர் சிரித்திருக்கும், வாப்பா அந்த வாசலை மிதித்திருக்க மாட்டார். ஆகவே மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

துணைக்கு என்னை அனுப்பினார்கள். எனக்கு எட்டு வயது. போன அன்றே மாமி தன் வளையல்களைக் கழற்றி என் கையில் போட்டுவிட்டார், பவுடர் டின்னையும் தந்தார். கால் நோவுக்கும் வளையலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நான் என்ன மடைச்சியா? கேட்டால் திருப்பி வாங்கிவிடுவாரே. மீன்காரர் வந்தால் மாமி கதவுக்குப் பின்னால் நின்று சொல்லித் தருவார், நான் பேரம் பேசுவேன். வளவுக் கிணற்றில் வாளி வாளியாகத் தண்ணீர் இழுத்துவிட்டு உள்ளே வந்து படுத்து, நான் எண்ணெய் தேய்க்கும்போது "அல்லாஹ், நோவுதே" என்பார். என் கைராசியில் நோவு குறைந்து வருகிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தேன்.

இதற்கிடையில் எனக்கு மூத்தவரான நானாவின் கல்யாணம் வந்தது. நானாவைத் தோளில் போட்டு வளர்த்தவரே மாமிதான். பெண் வீடு புத்தளம் டவுனில். வேன் புறப்படுகிற நேரத்தில் வாப்பா ஓட்டோ ஒன்றைக் கூட்டிக்கொண்டு மாமியின் வாசலுக்கே வந்துவிட்டார்.

"தூக்கிக்கொண்டாவது போவன். இன்டைக்கு வராட்டி எனக்கு ராத்தாவும் இல்ல, அவவுக்குத் தம்பியும் இல்ல!"

கோபத்தில் அவர் உள்ளே வரவில்லை. உம்மாதான் வந்தார். மாமியின் வெறும் கைகளைப் பார்த்தார், வெறும் காதுகளைப் பார்த்தார், பிறகு என் கை நிறைய இருந்த வளையல்களைப் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு நாள் இரிக்கி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒரு மாசம்" என்றார் மாமி, தலையை நிமிர்த்தாமல்.

உம்மா வெளியே போய், "ரெண்டு காலும் வீங்கிக் கிடக்கு. இழுத்துக்கொண்டு போனா ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும்" என்று வாப்பாவிடம் சொன்னார். பொய் சொன்னால் நாக்கில் மிளகாய் தேய்க்கிற உம்மா! வீக்கமே இல்லையே என்று வாயைத் திறந்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

நானா மாப்பிள்ளை உடுப்போடு வந்து ஸலாம் சொன்னார். மாமி அவர் நெற்றியில் கொஞ்சிவிட்டு அழுதார். வேன் போகிற சத்தம் அடங்கும்வரை ஜன்னலடியிலேயே நின்றார். அந்தக் கல்யாணத்துக்காக அவர் எத்தனை காலம் ஆசைப்பட்டிருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் தாங்குவதில்லை. வாப்பா அதற்குப் பிறகு பல நாள் அந்தப் பக்கம் வரவில்லை.

மாதம் ஒன்று கழிந்தது. நோவு சொல்லி வைத்தாற்போல் சுகமாகி, மாமி எழுந்து முற்றம் கூட்டினார். அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். பழைய மாமாவின் மனைவி. தெருவில் மாமியைக் கண்டால் மற்றப் பக்கம் மாறிப் போகிறவர். இத்தா முடிந்து வெளிக்கிட்ட முதல் பயணமே எங்கள் மாமியின் வீட்டுக்கு! நல்ல சண்டையொன்று பார்க்கலாம் என்று நான் கதவோரம் இடம் பிடித்தேன்.

"என்னப் பார்க்க வந்த பொம்புளைகள் சொன்னாங்க" என்றார் அவர். "அவர் மவுத்தான நாள்ல இருந்து உங்களுக்கும் வெளிய வர ஏலாதாம் என்டு."

மாமி கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்.

"மார்க்கம் சொன்னதால நான் இருந்தன், ராத்தா. உங்கள ஆரு இருக்கச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல."

வந்தவர் போட்ட கதிரையை விட்டு இறங்கி, பாயில் மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் அழுதார்கள். பிறகு கதைத்தார்கள். மீன் ஆணத்தில் புளி கூடினால் அந்த மனிதர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைப்பது பற்றி ஒருவர் சொல்ல, "உங்கள்ட்டயும் அப்படித்தானா?" என்று மற்றவர் கேட்டுச் சிரித்தார். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை கதை ஓயவில்லை.

சண்டை நடக்காத ஏமாற்றத்தோடு நான் உம்மாவிடம் ஓடிப் போய் முறையிட்டேன். "அங்க போகாத, கதைக்கட்டும்" என்றார் உம்மா. இத்தனை வருடமும் அந்த மனிதரைப் பற்றி ஒரு சொல் கதைக்க மாமிக்கு ஆளே இருக்கவில்லை என்பதும், அதற்கென்று உலகத்தில் இருந்த ஒரே ஆள் அன்றுதான் வாசலேறி வந்தார் என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை.