உங்கட கொள்கை, எங்கட கொள்கை

எங்கள் ஊரில் 'கொள்கை' என்ற சொல்லை யோசித்துத்தான் வாயில் எடுக்க வேண்டும். அவர் என்ன கொள்கை என்று கேட்டால், எந்தப் பள்ளியில் தொழுகிறவர் என்று அர்த்தம். பௌதிகவியல் புத்தகத்திலும் அதே சொல்தான்: சார்புக் கொள்கை, ஈர்ப்புக் கொள்கை. கல்முனையில் இருபது வருடமாக அதைப் படிப்பிக்கிறேன். அந்தச் சொல்லே என் வீட்டுக்குள் வந்து காலை வாரியது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட வந்த மச்சான், என் மனைவியின் தம்பி, புவியீர்ப்பு என்று ஒன்றே இல்லை என்றார். போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. "தேங்காய் விழுறதப் பார்க்கல்லயா? கைப்புண்ணுக்குக் கண்ணாடியா?" என்று சீறினேன்.

"விழுறத ஆர் மறுத்த? பாரம், விழுது. அது உங்கட கொள்கை மச்சான், இது எங்கட கொள்கை. என்னத்துக்குச் சண்டை?"

உயர்தரம் படிக்கும் மகளும் ஓம் என்று தலையாட்டினாள். அதுதான் சுட்டது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து கூடத்துக்கும் குசினிக்குமாக நடந்தேன்.

"என்ன மகள், இதுக்கும் தலையாட்டுறியா?"

"நீங்க புத்தகத்தில பார்த்தீங்க, மாமா வீடியோவில பார்த்தார். நீங்க ஒரு நாளாவது சரியா அளந்து பார்த்தீங்களா வாப்பா?"

ஆய்வுகூடத்தில் ஈர்ப்பு ஆர்முடுகல், அதாவது விழும் பொருளின் வேகம் கூடும் வீதம், புத்தகத்தில் உள்ளபடி ஒன்பது தசம் எட்டு வராத பிள்ளைகளிடம், "எண்ணத் திருத்தி எழுது" என்று சொல்லிச் சொல்லிப் பழகியவன் நான். வெட்கமாக இருந்தது.

ஜன்னல் கம்பியில் ஒரு மீற்றர் நூல் கட்டிக் கேற் பூட்டைத் தொங்கவிட்டேன். இருபது தரம் ஆட, நாற்பது தசம் ஆறு செக்கன். மகள்தான் போனில் நேரம் பார்த்தாள். நூலைக் கால்வாசியாக்கினால் நேரம் பாதியாகும் என்று சொல்லி, ஆட்டுவதற்கு முன்பே கடதாசியில் இருபது தசம் மூன்று என்று எழுதினேன்.

"உங்கட கொள்கைப்படி எவ்வளவு வரும்? நீங்களும் எழுதுங்க மச்சான்."

அவர் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார். "அது வீடியோவில சொல்லல்லயே" என்றார் கடைசியில்.

இருபது தசம் இரண்டு வந்தது. மகள் இரண்டு தரம் அளந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோசத்திலேயே, ஒரு மீற்றர் நூலுக்கு வந்த நேரத்தை வைத்து ஈர்ப்பு ஆர்முடுகலைக் கணித்தேன். ஒன்பது தசம் ஆறு. கை தன்பாட்டில் ஒன்பது தசம் எட்டு என்று எழுதப் போனது.

மகள் பேனையைப் பிடித்தாள்.

"வந்தத எழுதுங்க வாப்பா. அப்பதான் நான் நம்புவன்."