கேட்டுச்சா, கேக்கலையா

1. கயிற்றை இழுத்தேன்

நான் கயிற்றை இழுத்தேன். பெல்ட் நின்றது. அதற்குப் பின்னால் இருந்த பெல்ட்டும் நின்றது. அதற்கும் பின்னால் மண்ணை வெட்டிக்கொண்டிருந்த பெரிய மெஷினும் நின்றது. சுரங்கத்துக்குள் அப்படி ஒரு அமைதி வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தூரத்தில் யாரோ இருமியதுகூடக் கேட்டது.

பெல்ட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு கான்ட்ராக்டில் பெல்ட் கிளீனிங் வேலை. மெஷின் வெட்டுகிற மண்ணும் நிலக்கரியும் நீளமான ரப்பர் பெல்ட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் சிந்துவதை அள்ளி ஒதுக்குவது நாங்கள். பெல்ட்டின் இரண்டு பக்கமும் கூடவே ஒரு கயிறு ஓடும். அதன் பெயர் புல் கார்டு. நாங்கள் கயிறு என்றுதான் சொல்வோம். யாருக்காவது கை கால் மாட்டினால் பக்கத்தில் இருப்பவன் அதை இழுக்க வேண்டும். யாரிடமும் பர்மிஷன் கேட்க வேண்டாம். கத்தல் கேட்டால் இழு, பிறகு போய்ப் பார். முதல் நாள் டிரெய்னிங்கில் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான். மற்றதை எல்லாம் பாதி இங்கிலீஷில் சொன்னார்கள். நான் எட்டாவதோடு நின்றவன்.

அன்றைக்கு, "ஐயோ காலு, காலு" என்று பெல்ட்டுக்கு அடியிலிருந்து ஒருவன் கத்தினான். இழுத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை.

ஷிப்ட் சூப்பர்வைசர் முத்தையா சார் வந்தார். பர்மனென்ட் ஆள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் பேச்சில் ஊர் வந்துவிடும்.

"யாருல இழுத்தது?"

"நான்தாங்க சார். ஆளு கத்துனாங்க."

"எந்த ஆளு? எல்லாவனும் இந்தா நிக்கானுவ. இங்க கத்துதது நான் ஒருத்தன்தாம்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அது தப்பாகிவிட்டது. சார் கிட்டே வந்து மூக்கை உறிஞ்சினார்.

"வாயத் தொறல. ஊது."

ஊதினேன்.

"கேட் பாஸக் குடுத்துட்டு வெளிய போ."

நான் குடித்திருந்தது உண்மை. கத்தல் கேட்டதும் உண்மை. கேட்கக் கூடாது என்றுதான் குடித்தேன். குடித்தால் இன்னும் நன்றாகக் கேட்டது.

2. ஒரே பஸ்ஸில் வந்தது

எழுமலை என் தாய்மாமன் மகன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே ஊர், முத்தாண்டிக்குப்பம். பெல்ட்டிலும் ஒரே கேங்க். கடையிலும் ஒரே டேபிள். என்னை வெளியே அனுப்பிய அன்று அவனும் கூடவே வந்துவிட்டான். "நீ இல்லாம நான் யாருகூட குடிக்கறது மச்சான்?" என்றான். அதைப் பெரிய பாசம் என்று நினைத்து அழுதேன். அந்த அழுகைக்கும் சேர்த்துக் குடித்தோம்.

எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கையில் கயிறு கட்டினாள். எழுமலை அதைப் பார்த்துவிட்டு, "கயித்த இழுத்தவனுக்குக் கயிறே கட்டி வுட்டுட்டாங்கடா" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தது அவன் மனைவி விஜயா. எனக்குத் தங்கச்சி முறை. ஒரு நாள் காலையில் இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றி நடுவில் உட்கார்ந்துகொண்டாள். "எவன்னா எறங்கினீங்க, நான் டிரைவர் சீட்ல பூந்துடுவேன்" என்றாள். செய்யக்கூடியவள்தான்.

குடியை நிறுத்துகிற வார்டில் ஒரு டாக்டரம்மா. என்னிடம் கேட்டார், "மொதல்ல குடி வந்துச்சா, குரல் வந்துச்சா?"

நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே எழுமலை சொன்னான், "ரெண்டும் ஒரே பஸ்ல வந்துச்சுங்க மேடம். எது முன்னால எறங்குச்சுன்னுதான் தெரியல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். பிறகு வியாதிக்கு ஒரு பெயர் சொன்னார். வீட்டுக்கு வருவதற்குள் மறந்துபோனேன். ஆனால் அவர் சொன்ன மற்றது மறக்கவில்லை. "குடி தனி, இது தனி. ரெண்டுக்கும் வைத்தியம் உண்டு. மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. குரல் நல்லா கொறையும். முழுசா போவாமலும் இருக்கலாம். அதோடயே வேலை பாக்கலாம், குடும்பம் நடத்தலாம்."

எழுமலை ஒரு தடவை சறுக்கினான். நான் இரண்டு தடவை. இரண்டு தடவையும் அதே வார்டுக்குத் திரும்பிப் போனோம். வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும், "வாங்க, உங்க ரூம் காலியாதான் இருக்கு" என்பார். அந்த வரவேற்பு தாங்காமலேயே மூன்றாம் தடவை நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். மாத்திரையால் பசி எடுத்தது. அப்படி ஒரு பசி. குடிக்கும்போது ஒல்லியாக இருந்தேன், தெளிந்ததும் தொப்பை வந்துவிட்டது. "குடிகாரன் மாதிரி ஆயிட்டடா" என்று ஊரில் அப்போதுதான் சொன்னார்கள்.

3. முத்தையா சாரின் கண்டிஷன்

வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு, இரண்டு பேருக்கும் வேலை கேட்க எழுமலை என்னை முத்தையா சாரிடம் கூட்டிப்போனான்.

"குடிய வுட்டுட்டான் சார். வேணும்னா ஊதச் சொல்லிப் பாருங்க."

ஊதினேன். சார் முகத்தைத் திருப்பினார். "மொளகா பஜ்ஜி வாசனல்லா வருது. சரி, அந்தச் சத்தம்?"

"எப்பனா ஒரு வாட்டி வரும் சார்" என்றேன். எழுமலை என் காலை மிதித்தான். சேஃப்டி ஷூ போட்டிருந்ததால் வலிக்கவில்லை.

"அப்பொ இவன் கயித்தத் தொடக் கூடாது" என்றார் சார்.

"அது எப்படி சார்? நெசமாவே ஒருத்தன் மாட்டிக்கினு கத்தினா, இவன் கைய கட்டிக்கினு பாத்துக்கினு நிப்பானா?"

சார் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு கண்டிஷன் போட்டார். நானும் எழுமலையும் ஒரே இடத்தில்தான் நிற்க வேண்டும். எனக்குச் சத்தம் கேட்டால் முதலில் அவனைக் கேட்க வேண்டும். அவனுக்கும் கேட்டிருந்தால் இழுக்கலாம். ராத்திரி மாத்திரை போட்டால் தூக்கம் வரும் என்பதால் நைட் ஷிப்ட் வேண்டாம்.

அப்படித்தான் அந்த வார்த்தை வந்தது. "கேட்டுச்சா?" என்பேன். "கேக்கல" என்பான். நான் மண்ணை அள்ளப் போய்விடுவேன். இரண்டு நொடிகூட ஆகாது. சில நாள், "கேக்கல மச்சான், ஆனா உன் வயிறு கத்தறது கேக்குது" என்பான். ஒரு தடவை நான் கேட்டதும் "கேட்டுச்சு!" என்று அவனே பாய்ந்து இழுத்தான். உண்மையிலேயே ஒருவரின் துண்டு ரோலரில் மாட்டியிருந்தது. துண்டு போனது, ஆள் தப்பித்தார். நான் சொல்கிற சத்தமும் நிஜமாக இருக்கலாம் என்று கேங்க் முழுக்கத் தெரிந்தது.

பிறகு அது எல்லோருடைய வார்த்தையாகவும் ஆகிவிட்டது. டீ குடிக்கும்போது எவனாவது, "அடுத்த மாசம் நம்மள எல்லாம் பர்மனென்ட் பண்ணப் போறாங்களாம்" என்பான். இன்னொருவன் கையைக் காதில் வைத்து, "கேட்டுச்சா?" என்பான். மொத்தக் கூட்டமும் சேர்ந்து, "கேக்கல!" என்று கத்தும். என்னை யாரும் மெண்டல் என்று சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன். சொன்னார்கள். ஆனால் பர்மனென்ட் விஷயத்தில் எல்லோரும் மெண்டல்தான் என்று ஆனதும் அந்தப் பேச்சு தானாகக் குறைந்துவிட்டது.

4. படையல்

எழுமலை செத்துப்போனான். குள்ளஞ்சாவடி பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க பைக்கில் போனான். லாரி. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், "போதையில வுட்டிருப்பான்" என்று பேசிக்கொண்டார்கள். அவன் குடியை விட்டு நாலு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குடித்தது ஊருக்கே தெரிந்திருந்தது. விட்டது யாருக்கும் தெரியவில்லை.

காரியத்தன்று படையல் போட்டார்கள். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வறுத்த மீன், முறுக்கு, பீடி. அவன் பெரியப்பா ஒரு குவார்ட்டரைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். படைத்து முடித்ததும் அதை நெருங்கின சொந்தக்கார ஆம்பளைகள் ஆளுக்குக் கொஞ்சம் குடிப்பார்கள். பெரியப்பா கிளாஸில் ஊற்றி முதலில் என்னிடம்தான் நீட்டினார்.

"வாங்குடா குமாரு. அவனுக்கு நீதான நெருக்கம். இது சரக்கு கெடயாது, படையலு. வேணாம்னு சொன்னா அவன் ஆத்துமா அலையும்."

என் கை போனது. பொய் சொல்லவில்லை, போனது. அன்றைக்கு எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை, எல்லாம் என் சொந்த ஆசைதான்.

விஜயா உள்ளேயிருந்து வந்தாள். கிளாஸையும் பாட்டிலையும் இரண்டு கையில் எடுத்தாள்.

"அவர நிறுத்த வைக்க நான் எத்தினி பஸ்ஸு ஏறி எறங்கினேன் பெரிமாமா? செத்த பொறவு மறுபடி ஊத்திக் குடுக்கறீங்களே, இனிமே எந்த பஸ்ஸுல போயி அவர கூட்டிக்கினு வருவேன்?"

அவள் கொல்லைப் பக்கம் போய்க் கொட்டிவிட்டு, ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து இலையில் வைத்தாள். என்னைப் பார்த்து, "அண்ணே, மாத்திர போட்டியா?" என்றாள். போடவில்லை. போட்டேன்.

5. எனக்கும் கேட்டுச்சு சார்

திரும்ப வேலைக்குப் போனபோது காசி அண்ணனை என்னோடு போட்டார்கள். என்னைவிட மூத்தவர், நல்லவர். எழுமலையின் இடம் என்பதால் என்னைக் கண்ணாடிப் பாத்திரத்தைப் போலப் பார்த்துக்கொண்டார். அதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

ஒரு மத்தியானம் காசி அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். நான் தனியாக நின்றேன். அடியிலிருந்து கத்தல் கேட்டது. "கேட்டுச்சா?" என்று திரும்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை.

முத்தையா சாரின் கண்டிஷன்படி நான் இழுக்கக் கூடாது. நிஜமாக இருந்தால் ஒரு உயிர். பொய்யாக இருந்தால் என் வேலை. இழுத்தேன்.

குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை.

சார் வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் டீ கேனோடு காசி அண்ணன் ஓடி வந்தார். "எனக்கும் கேட்டுச்சு சார்!"

"நீ டீ வாங்கப் போன எடத்துல ஒனக்கு எப்படில கேட்டுச்சு?"

"காத்து இந்தப் பக்கம் அடிச்சுது சார்."

இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். "எனக்குங்கூட கேட்டுச்சு சார்." "ஆமா சார், நல்லா கேட்டுச்சு." எல்லோரும் எனக்காகத்தான் சொன்னார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தப்பித்திருக்கும்.

"பொய்யி சார்" என்றேன். "எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு."

காசி அண்ணன் என் தோளைப் பிடித்தார். "டேய் குமாரு, சும்மா இர்றா."

"நீங்க சும்மா இருங்கண்ணே!" நான் அவரிடம் அதுவரை கத்தியதில்லை. "கேக்காதத கேட்டுச்சுன்னு சொன்னீங்கன்னா நாளைக்கு நான் யார கேப்பேன்? நீங்க கேட்டுச்சுன்னா அது நெசமா, இல்ல பாவம்னு சொல்றீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? எழுமலை ஒரு நாளுகூட எங்கிட்ட பொய் சொன்னதில்ல. நான் ரெண்டு வாட்டி குடிச்சிட்டு மாட்டினப்பகூட எனக்காக எவங்கிட்டயும் பொய் சொல்லல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு சாரிடம், "இழுத்தது நான்தாங்க சார். பக்கத்துல கேக்க ஆள் இல்ல. அதான் இழுத்தேன். கேட் பாஸ் இந்தாங்க" என்றேன்.

சார் பாஸை வாங்கவில்லை. பெல்ட்டை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கேக்க ஆளு இல்லேன்னா இழு" என்றார். "பெல்ட்டு சும்மா நின்னா நான் மேல பதில் சொல்லிக்கிடுவேன். ஆளு போனா எவன் பதில் சொல்லுவான்?" பிறகு காசி அண்ணன் பக்கம் திரும்பினார். "ஏல, இனிமே இவன தனியா விட்டுட்டு டீக்குப் போன, ஒன் பாஸ நான் வாங்கிருவேன். இவன்ட்ட பொய் சொன்னாலும் வாங்கிருவேன். டீய ஊத்து, ஆறுது."

இழுத்தவன்தான் போய் ஸ்விட்சை ரீசெட் பண்ண வேண்டும். பண்ணினேன். சைரன் அடித்தது. பெல்ட் ஓடியது.

அதற்குப் பின் ஒரு நாள், ஓடுகிற பெல்ட்டின் சத்தத்துக்கு நடுவில் எழுமலை குரல் கேட்டது. "மச்சான்" என்று, பக்கத்தில் நின்று கூப்பிடுவதைப் போல. அது எனக்கு மட்டும் கேட்கிற குரல் என்று எனக்கே தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"காசி அண்ணே, கேட்டுச்சா? எழுமலை மாதிரி."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் கவனித்தார். அவர் கண் கலங்குவதைப் பார்த்தேன். கேட்டுச்சு என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"கேக்கலடா குமாரு" என்றார்.

மருந்து வாங்கப் போனபோது டாக்டரம்மாவிடமும் இதைச் சொன்னேன். மாத்திரையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார். வேலைக்குப் போகிறேன். குடிக்கவில்லை.

பெல்ட்டுக்கு வருகிறவர்கள் ஷூ லேஸைக் கட்டுங்கள், துண்டைக் கழுத்தில் போடாதீர்கள். பக்கத்தில் நிற்பவன் "கேட்டுச்சா?" என்று கேட்டால் நின்று காது கொடுங்கள். கேட்டால் கேட்டது என்று சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால், அவன் முகத்தைப் பார்க்க எவ்வளவு பாவமாக இருந்தாலும், கேட்கவில்லை என்றே சொல்லுங்கள். அதை நம்பித்தான் அவன் அங்கே நிற்கிறான்.